டிராக்டர் முன்பக்க கிராங்க் சீல் ஒழுகினால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

மியான்மரின் பகோ பக்கத்தில் வயல் வைத்திருக்கும் நம் ஆட்கள், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து முதல் மழை விழுந்ததும் வண்டியை எடுப்பார்கள். ஜனவரியிலிருந்து கொட்டகையில் நின்ற வண்டி அது. இரண்டு நாள் உழவு ஓட்டியதும் போன் வரும்: "முன்னாடி புல்லிகிட்ட ஆயில் ஒழுகுது, சீல் போயிடுச்சு போல, வந்து மாத்திக் கொடுங்க."

சீல் போயிருக்கலாம். ஆனால் கிராங்க்ஷாஃப்ட் (இன்ஜினின் சுழலும் தண்டு) முன்னால் வெளிவரும் இடத்தில் எண்ணெயை அடைக்கும் அந்த ரப்பர் வளையம் தானாகக் கெடுவதைவிட, வேறொன்று அதைக் கெடுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்காமல் புது சீல் போட்டால் காசும் போகும், நடவு நேரமும் போகும். அதனால் கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: கழுவி, பவுடர் போட்டுப் பாருங்கள்

இன்ஜினின் முன்பக்கத்தில் எங்கே கசிந்தாலும் எண்ணெய் வழிந்து வந்து சேர்கிற இடம் புல்லிக்கு அடிப்பக்கம்தான். மேலே டேப்பெட் கவர் கேஸ்கெட் (இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கும் அடைப்பு) விட்டிருந்தாலும் அங்கேதான் சொட்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர் (முன்பக்க கியர்களை மூடும் மூடி) கேஸ்கெட், பவர் ஸ்டியரிங் பம்ப், சம்ப் (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கேஸ்கெட்டின் முன் மூலை, எது விட்டாலும் சீல் மேல்தான் பழி விழும்.

இன்ஜின் ஆறியபின் முன்பக்கம் முழுவதையும் டீசல் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து டைமிங் கவர் மேலேயும் புல்லியைச் சுற்றியும் தூவுங்கள். காய்ந்த தனக்காப் பொடி இருந்தாலும் போதும். பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

பவுடரில் மேலிருந்து கீழே நேர்கோடாக ஈரம் இறங்கியிருந்தால் கசிவு மேலே இருக்கிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். புல்லியின் பின்பக்கத்திலிருந்து வட்டமாகத் தெறித்திருந்தால் சீல், அல்லது புல்லியின் உள்துளை. டைமிங் கவரும் சம்ப்பும் சேரும் விளிம்பில் மட்டும் ஈரம் என்றால் கேஸ்கெட்.

விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். ஓடிய இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். தெளிவாக, சிவப்பாக அல்லது மஞ்சளாக இருந்தால் ஸ்டியரிங், ஹைட்ராலிக் பக்கம் போகவேண்டும். பச்சையோ துருநிறமோ கலந்து தண்ணீர்போல இருந்தால் வாட்டர் பம்ப்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கைலியோடு ஓடும் இன்ஜின் முன்னால் குனியாதீர்கள். பெல்ட் ஒரு முனையைப் பிடித்தால் கையைக் காலை எடுக்காமல் விடாது. கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வண்டி நிற்கும்போது இரவெல்லாம் சொட்டுகிறது

இதைத்தான் எல்லோரும் சீல் என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: இன்ஜின் நின்றபின் எண்ணெய் முழுவதும் சம்ப்பில் இறங்கிவிடும். கிராங்க்ஷாஃப்ட் அதற்கு மேலே இருக்கிறது. சீலுக்கு எண்ணெய் எட்டாது. நிறுத்திய கால்மணி நேரத்தில் சில சொட்டு விழுந்து நின்றுவிட்டால் சீலாக இருக்கலாம். காலைவரை விடாமல் சொட்டி, கீழே வைத்த டப்பாவில் தேங்கியிருந்தால் கசிவு எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

முதலில் வண்டி நிற்கும் தரையைப் பாருங்கள். முன்பக்கம் சரிவாக நிறுத்தியிருந்தால் எண்ணெய் முன்னால் சேரும். சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் (எண்ணெய் மட்டம் காட்டும் கம்பி) பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். மட்டம் சரியாக இருந்தால் சம்ப் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தவற்றைச் சமமாக, கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கெட் பிதுங்கும்வரை இறுக்குவது அதைக் கொல்வதற்குச் சமம். அதற்கும் நிற்கவில்லை என்றால் சம்ப்பைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றவேண்டும். கிராங்க் சீலைத் தொடவே வேண்டியதில்லை.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கூடியிருக்கிறது, கூடவே ஒழுகுகிறது

யாரோ அதிகம் ஊற்றியிருக்கலாம். இறக்கிச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

ஊற்றாமலே கூடியிருந்தால் டிப்ஸ்டிக்கை முகருங்கள். டீசல் வாடை அடித்து, எண்ணெய் தண்ணியாக ஓடினால், டீசல் பம்ப்பின் டயாஃப்ரமோ இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் சீலோ கிழிந்து டீசல் சம்ப்புக்குள் இறங்குகிறது. மெலிந்த எண்ணெய் எந்தச் சீலையும் தாண்டி வரும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியை அப்படியே நிறுத்துங்கள். மெலிந்த எண்ணெயில் பேரிங் தேய்வதற்கு ஒரு ஏக்கர் உழவே போதும். கையால் இயக்கும் லீவர் வைத்த டீசல் பம்ப்பின் டயாஃப்ரம் மாற்றுவது சின்ன வேலை, நீங்களே செய்யலாம். இன்ஜெக்‌ஷன் பம்ப் என்றால் பம்ப் பெஞ்ச் வைத்திருப்பவரிடம்தான் போகவேண்டும். தண்ணீர் என்றால் ஹெட் கேஸ்கெட் வேலை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மூச்சுக்குழாயில் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் ஊதுகிறது

எனக்கு மனதில் பதிந்த பழுது இதுதான்.

வயல்காரர் ஒரு பெரியவர். மூன்று சிலிண்டர் பழைய வண்டி. ஒரே மாதத்தில் மூன்று சீல் மாற்றியிருந்தார், மூன்றும் ஒழுகின. "தம்பி, சீலெல்லாம் போலி வருது போல" என்று சொல்லிப் பழைய சீல்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உரசி எண்ணெயை அடைக்கும் உள்விளிம்பான உதடு மெத்தென்று இருந்தது, வெட்டு இல்லை, உள்ளே ஸ்பிரிங்கும் இடத்தில் இருந்தது. "பெரியப்பா, மூச்சுக்குழாயை யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. குழாயைக் கழற்றி ஒரு கம்பியை விட்டேன். ஒரு விரல் நீளம் போய் நின்றது. தட்டியதும் காய்ந்த மண் உருண்டையாக விழுந்தது: குளவிக்கூடு. கோடையில் வண்டி சும்மா நின்றபோது குளவி கட்டியது. இன்ஜினுக்குள் சேர்ந்த காற்று வெளியே போக வழியில்லாமல், இருப்பதில் இளப்பமான இடம் வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்து, பெரியவர் கொண்டுவந்த மூன்றில் ஒன்றையே திரும்பப் போட்டேன். அறுவடைவரை ஒரு சொட்டு விழவில்லை.

அதனால் இந்த அறிகுறியில் முதல் வேலை ப்ரீதர், அதாவது இந்த மூச்சுக்குழாய். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். உள்ளே கம்பிவலை இருந்தால் டீசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். சேறு, வைக்கோல் தூசு, குளவிக்கூடு எதுவும் இருக்கக்கூடாது. வண்டியைக் கோடைக்கு நிறுத்தும்போது குழாய் முனையில் துணி கட்டி, ஸ்டியரிங்கில் ஓர் அடையாளமும் தொங்கவிடுங்கள். துணியை எடுக்க மறந்தால் அதுவே குளவிக்கூடு மாதிரிதான்.

ப்ரீதர் சுத்தமாக இருந்தும் ஊதினால், இன்ஜின் சூடானபின் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் வாயின்மேல் சும்மா வையுங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்து, நீலப்புகை விடாமல் தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. இதில் சீல் மாற்றுவது வீண். ஒழுகல் குறைவாக இருந்தால் எண்ணெய் பார்த்துப் பார்த்து ஊற்றிப் பருவத்தை முடியுங்கள். அறுவடைக்குப் பின் இன்ஜினை இறக்கும்போது சீலையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

ஓடும்போது மட்டும் வட்டமாகத் தெறிக்கிறது, பெல்ட் நனைகிறது

இது சீல் இருக்கும் இடம். பெல்ட் எண்ணெயில் நனைந்தால் வழுக்கும், வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றும், வண்டி சூடாகும். ரேடியேட்டரின் பின்முகத்திலும் எண்ணெய் படிந்து, அதில் உமித்தூசு ஒட்டிக் கம்பளிபோல ஆகிவிடும். "வண்டி ஹீட் ஆகுது" என்று வரும் சில வண்டிகளின் மூலமே இந்தச் சீல்தான்.

இன்ஜினை நிறுத்திப் புல்லியின் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுத் தொளியில் இறங்கும் வண்டிகளில் அங்கே சேறு இறுகிக் கிடக்கும். குச்சியால் நோண்டி எடுங்கள். ஒருமுறை சேற்றோடு நீலநிற இழை ஒன்று வந்தது. இழுக்க இழுக்க முழநீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. அரிசிச் சாக்கின் நைலான் நூல். சீலுக்கும் புல்லிக்கும் நடுவில் சுற்றி உதட்டை ரம்பம்போல அறுத்திருந்தது. சாக்கு கிழிந்த நூல்களை வரப்பில் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

சேறும் நூலும் இல்லை என்றால், அடுத்துப் புல்லி போல்ட். தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் எண்ணெய் சீல் வழியாக வராமல், கிராங்க்கின் கீவே (புல்லியைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) வழியாக ஊர்ந்து போல்ட் வாஷருக்கடியில் வெளிவரும். புல்லியின் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே பரவிய ஈரம் இதன் அடையாளம். புல்லியைக் கழற்றி, கீவேயில் சிலிக்கான் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி, அளவாக இறுக்கினால் முடிந்தது.

இவை எதுவும் இல்லாவிட்டால் சீலை மாற்றவேண்டியதுதான். ரப்பர் பல வருட வெப்பத்தில் கட்டையாகிவிடும். நகத்தால் அழுத்தினால் மடங்காமல் நிற்கும்.

*எவ்வளவு ஒழுகினால் வண்டியை நிறுத்துவது?* புல்லிக்குப் பின்னால் ஈரம் மட்டும் என்றால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், நடவை முடியுங்கள். பெல்ட் நனைகிறது என்றால் அந்த வாரத்துக்குள் மாற்றுங்கள். ஒருநாள் உழவில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் அன்றே நிறுத்துங்கள்.

சீல் மாற்றும்போது

முதலில் பார்க்கவேண்டியது, முன் அச்சை இறக்காமல் புல்லியை வெளியே எடுக்க இடம் இருக்கிறதா என்பது. சில வண்டிகளில் ரேடியேட்டரும் ஃபேனும் கழற்றினால் போதும். சிலவற்றில் முன் அச்சுத் தாங்கியே வழியை மறிக்கும். அச்சை இறக்கவேண்டும் என்றால், கனமான இரும்பு ஸ்டாண்டும் கூட இரண்டு ஆளும் இல்லாமல் தொடாதீர்கள். செங்கல் அடுக்கி நிறுத்துவதை நான் எந்த வேலைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. செங்கல் சொல்லாமல் உடையும்.

பாட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ரேடியேட்டர், ஃபேன், பெல்ட்டை எடுங்கள். புல்லி போல்ட்டைத் தளர்த்தும்போது கிராங்க் சுற்றாமல் இருக்கப் பெரிய கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் ஒருவர் மிதித்துப் பிடிக்கவேண்டும். கிளட்ச் வழுக்கினால், ஃப்ளைவீல் பார்க்கும் மூடியைத் திறந்து பல்லில் ஒரு தடுப்பு கொடுங்கள். ஸ்பேனரை நிலத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டித் தளர்த்தும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம், ஸ்பேனர் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

புல்லியை அதன் முகத்தில் இருக்கும் மரைத் துளைகளில் போல்ட் போட்டு, புல்லரால் இழுங்கள். விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் வார்ப்பிரும்பு உடையும். பின்னாலிருந்து சுத்தியலால் அடிக்கவும் கூடாது.

பழைய சீலைக் கழற்றும் முன்பு அது கவர் முகத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். கடைக்குப் போகும்போது பழைய சீலையே கையில் கொண்டுபோங்கள். பழைய இங்கிலாந்து வடிவமைப்பு இன்ஜின்களில் அளவு அங்குலத்தில் இருக்கும். மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட ஒத்துவருவதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், "அண்ணே, இது உட்காரும்" என்பார். உட்காரும், ஒழுகவும் செய்யும்.

சீலை எடுக்க, அதன் இரும்பு முகத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளை போட்டு, ஸ்க்ரூ திருகி, குறடால் மாறிமாறி இழுங்கள். துளையிடும் பிட்டில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் உள்ளே விழாது. பிட் கிராங்க்கையோ கவரின் உள்வட்டத்தையோ தொடக்கூடாது.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் இடம். கையில் இருக்கும் புல்லியின் கழுத்தை, சீல் உதடு உரசிய இடத்தை, நன்றாகத் துடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று ஒரு கோடு சுற்றிலும் தெரியும். அதன் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் வழுக்கிப்போனால் நல்லது. மெல்லிய உப்புத்தாளால், சுற்றுவாட்டில் மட்டும், லேசாகத் தேய்த்தால் போதும். நீளவாட்டில் தேய்த்தால் அந்தக் கீறலே எண்ணெயை வெளியே இறைக்கும் மரையாகிவிடும்.

நகம் கோட்டில் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீல் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தால் சில நாளில் ஒழுகும். கவரில் இடம் இருந்தால், சீலை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி அடித்து உதட்டைத் தேயாத இடத்தில் உட்காரவைக்கலாம். இடம் இல்லை என்றால் கழுத்தின்மேல் ஏற்றும் மெல்லிய இரும்பு ஸ்லீவ் கிடைக்கும். கால் மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியிருக்கும், சீல் அளவை மாற்றவேண்டியதில்லை. நான் ஸ்லீவ் பக்கம்தான். கடைசி வழி புதுப் புல்லி.

புது சீலின் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்கவேண்டும். முகத்தில் அம்புக்குறி இருந்தால் கிராங்க் சுற்றும் திசையோடு ஒத்துப் பாருங்கள். உதடுகளுக்கு நடுவில் கிரீஸ் வையுங்கள், ஸ்பிரிங் துள்ளி விழாமலும் பிடிக்கும். ஸ்பிரிங் இல்லாமல் தட்டையான உதடும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையமும் வைத்து வரும் சீல் வேறு ஜாதி. அதற்குக் கிரீஸோ எண்ணெயோ தடவக்கூடாது, காய்ந்தபடியே அந்த வளையத்தோடு ஏற்றவேண்டும்.

கீவே விளிம்பு கத்திபோல இருக்கும். சீல் அதைத் தாண்டிப் போகவேண்டிய வண்டி என்றால் கீவேமேல் டேப் ஒட்டி, சீல் ஏறியதும் எடுத்துவிடுங்கள். சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றே சிறிய குழாய்த் துண்டு ஒன்றை முகத்தில் வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். ஒருபக்கம் முன்னேறினால் அந்தக் கணமே நிறுத்தி மறுபக்கம் தட்டுங்கள். எழுதிவைத்த ஆழம் வந்ததும் போதும்.

புல்லிக் கழுத்தில் எண்ணெய் தடவி (காய்ந்தபடி ஏற்றும் தட்டை உதட்டுச் சீல் என்றால் தடவாமல்), கீயோடு நேர்வைத்துத் தள்ளுங்கள். போல்ட்டை மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்), டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள்.

புது சீல் போட்டும் மறுபடி ஒழுகுகிறது

இரண்டாவது சீல் வாங்கும் முன் ப்ரீதரைப் பார்த்தீர்களா? கழுத்தில் நகம் ஓட்டினீர்களா? இரண்டும் சரி என்றால், சீலை எடுத்து உதட்டில் சிறு வெட்டு இருக்கிறதா, ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா, திருப்பிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உதட்டின் ஒருபக்கம் மட்டும் தேய்ந்து, எதிர்ப்பக்கம் புதுசாக இருந்தால் சீல் நடுவில் இல்லை. டைமிங் கவரை எப்போதோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சில இன்ஜின்களில் கவருக்கு இடம் காட்டும் பின் கிடையாது, போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கிராங்க் நடுவில் வரும்படி கவரைச் சரிசெய்து இறுக்கவேண்டும். கவரைக் கழற்றவே நேர்ந்தால் சம்ப் கேஸ்கெட்டின் முன்பகுதி கிழியும், உள்ளே எண்ணெயைச் சுழற்றி எறியும் தட்டு ஒன்றும் இருக்கலாம், அதைத் திருப்பி மாட்டினால் ஒழுகல் கூடும். டைமிங் கியர் திறந்து கிடக்கும் வேலை என்பதால், கியரில் இருக்கும் டைமிங் குறி பார்த்துப் பழகாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

புல்லி ஆடுகிறது, அல்லது முன்பக்கம் தட்டும் சத்தம்

இன்ஜினை ஐடிலில் விட்டுப் பக்கத்தில் தள்ளி நின்று புல்லியின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு அலைந்தால் நிறுத்துங்கள். பெல்ட்டைத் தளர்த்தி, இரு கையாலும் புல்லியைப் பிடித்துத் திருப்பி ஆட்டுங்கள். கிராங்க் நகராமல் புல்லி மட்டும் அசைந்தால் கீயோ கீவேயோ தேய்ந்திருக்கிறது. கீ மட்டும் என்றால் மலிவு. கிராங்க்கின் மூக்கிலேயே கீவே அகலித்திருந்தால் லேத் பட்டறை வேலை.

பிறகு மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் மிகச் சிறிதாக நகர்வது இயல்பு. மேலும் கீழும் அசைந்து கையில் "டிக்" என்று உணர்ந்தால் முன் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே கிடந்தால் சந்தேகமே வேண்டாம். கிராங்க் ஆடும்வரை எந்தச் சீலும் நிற்காது. வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

மாட்டி முடித்தபின்

எண்ணெய் மட்டம், ரேடியேட்டர் தண்ணீர் இரண்டையும் நிரப்பி, பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நாளில் கிரீஸ் உருகி ஒரு சிறு ஈரம் காட்டும், துடைத்துவிட்டால் திரும்ப வராது. நனைந்த பழைய பெல்ட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டுவதை விடுங்கள், புதுசு போடுங்கள். பத்து மணி நேர உழவு முடிந்ததும் புல்லி போல்ட்டை மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்த்து, பின்பக்கத்தில் இறுகிய சேற்றை நோண்டி எடுத்துவிட்டு அடுத்த வயலுக்கு இறக்குங்கள்.